லயத்து முகவரியும் ஒரே ஒரு ஓட்டும்

தேர்தல் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே இடுக்கி எல்லையின் அரசியல் பாதி விளங்கிவிடும். 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தன. 2014 முதல் மக்களவைத் தேர்தலில் அந்தப் பொருத்தம் அமையவில்லை. 2014இல் கேரளத்துக்கு ஏப்ரல் 10, தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 24. 2019இல் தமிழ்நாடு 18ஆம் தேதி, கேரளம் 23ஆம் தேதி. 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19, கேரளம் ஏப்ரல் 26. ஒரே நாள் என்றால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிச் சாவடிகளில் இருப்பவர்களுக்குக் கவலை குறைவு. ஒரு வாரம் இடைவெளி விழுந்தால், இடது கை ஆள்காட்டி விரலைப் பார்ப்பதும் ஒரு வேலையாகிவிடுகிறது. 1962 முதல் மைசூர் தொழிற்சாலையிலிருந்து வரும் அந்த மை, தோலில் மங்கினாலும் நகக்கண்ணில் ஒரு வாரத்தில் போய்விடாது.

‘இரட்டை ஓட்டு’ என்பது இடுக்கியில் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் தவறாமல் வரும் பேச்சு. உடும்பஞ்சோலை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய மூன்று தொகுதிகளைச் சொல்லித்தான் அதைப் பேசுவார்கள். ஏலத்தோட்டத்திலும் தேயிலை எஸ்டேட்டிலும் வேலை செய்கிறவருக்கு மேலே ஒரு வாக்காளர் அட்டை, கீழே தேனி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இன்னொன்று என்பது புகார். தோற்கப் போகிற கட்சி ஜெயிக்கப் போகிற கட்சி மேல் சொல்லும்; அடுத்த முறை மாற்றிச் சொல்லும். புகாரில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது அட்டை எப்படி முளைக்கிறது என்று கேட்டால் கள்ளத்தனத்துக்கு முன்னால் ஒரு வீட்டுப் பிரச்சினைதான் வந்து நிற்கிறது.

சட்டம் இதில் மிகச் சுருக்கமானது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்காளராக மூன்றே தகுதிகளைக் கேட்கிறது: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். வயது 21 ஆக இருந்து 1989இல் 18 ஆனது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்கிறது 17ஆம் பிரிவு. ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட முடியாது என்கிறது 20ஆம் பிரிவு. மனமறிந்து பொய் சொல்லிப் பெயர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 31ஆம் பிரிவு. எந்த மாநிலத்துக்காரர், என்ன மொழி பேசுகிறவர் என்ற கேள்வி எந்தப் பிரிவிலும் இல்லை. இந்தியாவில் மாநிலக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது. திருநெல்வேலியில் பிறந்தவர் மூணாறில் குடியிருந்தால் அவர் தேவிகுளம் தொகுதி வாக்காளர். இது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. 1948இல் இருந்துகொண்டு பார்த்தால் இது எவ்வளவு பெரிய பேறு என்பது தெரியும்.

அன்றைய திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் பஞ்சக் குடும்பங்கள் இரண்டு திசைகளில் பிரிந்து போயின. ஒரு கூட்டம் கடல் தாண்டி இலங்கைக்குப் போய்க் கண்டிச் சீமையிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தது. இன்னொரு கூட்டம் போடி மலையேறி, பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877இல் எழுதி வாங்கிய கண்ணன் தேவன் மலைகளுக்குப் போனது. இரண்டு இடத்திலும் அதே கங்காணி முறை, லயம் என்ற அதே வரிசை வீடு, அதே கூடை. ஊரைப் பிரிந்த அண்ணன் தம்பிகளில் யார் எந்தப் பக்கம் போவது என்பதைப் பெரும்பாலும் ஊருக்கு வந்த கங்காணியே தீர்மானித்தார்.

இலங்கையில் 1931இலேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது, இந்தியாவுக்கு இருபது ஆண்டு முன்னதாக. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் வாக்கில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்டத் தொகுதிகளைப் பிடித்தது. மற்ற இடங்களிலும் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948இல், குடியுரிமைச் சட்டம் எண் 18 வந்தது. இலங்கையில் பிறந்தால் போதாது, தகப்பனும் அங்கே பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றார்கள். நேற்று ஓட்டுப் போட்டவர்கள் இன்று எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தொண்டமான் மறுபடி வாக்குப் பெற்று நாடாளுமன்றம் போக 1977 ஆயிற்று. கடைசி நாடற்றவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல்.

அதே 1948இல் திருவிதாங்கூரில் நடந்தது நேர் எதிர். அதுவரை நிலவரி கட்டுகிறவருக்கும் சொத்து உள்ளவருக்கும்தான் சட்டசபை ஓட்டு. எஸ்டேட் கூலிக்கு அந்தப் பக்கமே வேலையில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது. பிறகு அரசியல் சட்டம் வந்தது. பிரிவு 326 அந்த உரிமையை நாடு முழுவதற்கும் உறுதிசெய்தது. நுவரெலியாவில் ஓட்டை இழந்தவரின் உறவுக்காரர் மூணாறில் ஓட்டுப் பெற்றார். கங்காணி அழைத்துப்போன திசை ஒன்றைத் தவிர இரண்டு பேருக்கும் வேறு வித்தியாசம் இல்லை.

ஆனால் ஓட்டு கிடைத்த கையோடு அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு என்ற சண்டை தொடங்கியது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 தேர்தலில் அந்தக் கட்சி 12 இடங்களைப் பிடித்தது. எதிர்த் தரப்பின் முக்கியமான வாதம் இதுதான்: மலையில் இருக்கும் தமிழர்கள் எஸ்டேட் வேலைக்கு வந்து போகிறவர்கள்; நிலையாகத் தங்கியவர்கள் அல்ல; தலையை எண்ணி மண்ணைப் பிரிக்கக்கூடாது. அதே காலத்தில் பட்டம் தாணுப்பிள்ளை அரசு மலையில் மலையாளக் குடியானவர்களை நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கல்லாற்றுப் பக்கம் பட்டம் காலனி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இதை வைத்து இன்னும் கண்ணீர் விடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. மாநிலக் கோடு எங்கே விழுந்தாலும் லயத்தில் இருந்தவருக்கு வீடு கம்பெனியுடையதுதான். எனக்கு உறுத்துவது அந்த ‘வந்து போகிறவர்கள்’ வாதம். நான்கு தலைமுறை ஆன பிறகும் அது சாகவில்லை.

அந்த வாதம் அடங்கியிருந்த ஒரு தேர்தலும் உண்டு. 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். ஆட்சி அமைத்தபோது 126 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்கு 60. சுயேச்சைகள் ஐந்து பேரைச் சேர்த்துத்தான் ஆட்சி. தேவிகுளத்தில் ஜெயித்த கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸின் வெற்றி, வேறொரு வேட்பாளரின் மனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்தார்கள் என்ற காரணத்தால் ரத்தானது. 1958இல் இடைத்தேர்தல். கேரளத்தில் நடந்த முதல் இடைத்தேர்தல் அது. ஒவ்வொரு தலையும் கணக்கில் வந்ததால், வந்து போகிறவர் தங்கியிருப்பவர் என்று அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. லயத்து மக்களிடம் போவதற்கு அவர்கள் பேச்சில் பாட ஆள் வேண்டியிருந்தது. தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறிப் போய்ப் பாடினார். அவருடைய தம்பிதான் இளையராஜா. ரோசம்மா மறுபடி ஜெயித்தார். கேரளத்தின் முதல் அமைச்சரவை நிலைத்ததில் மலைத் தமிழர் ஓட்டுக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பாடகரின் தொண்டைக்கும் பங்கு உண்டு. அன்று வாக்காளர் அட்டை கிடையாது. அது 1993க்குப் பிறகு வந்தது. பூத்தில் உட்கார்ந்திருக்கும் யூனியன்காரர் முகம் பார்த்து ‘நம்ம டிவிஷன் ஆள்’ என்றால் முடிந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு மாதிரி. அங்கே தமிழர் வேலைக்கு வந்தவர்கள் மட்டும் அல்ல, நிலத்தில் இருந்தவர்கள். பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் என்று போகும் எல்லையில் தென்னந்தோப்பு ஒரு மாநிலத்திலும் சந்தை இன்னொரு மாநிலத்திலும் இருக்கும். மருமகள் பொள்ளாச்சிப் பக்கம், மாமியார் கேரளம். இவர்களுடைய ஓட்டு எங்கே என்பதில் குழப்பம் குறைவு. வீடு சொந்த வீடு, ஆகவே முகவரி ஆடாது. முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பரம்பிக்குளம் மட்டும் ஒரு விசித்திரம். காட்டுக்குள் இருக்கும் அந்த ஊர் கேரளத்தில் இருக்கிறது. அதற்கான சாலை சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஓட்டுப் பெட்டி தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் கேரள வாக்காளரிடம் போகும்.

உள்ளாட்சி ஓட்டுக்கு என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டிய ஊரும் இந்தச் சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. உலகக் கம்பெனி ஒன்று ஒரு வார்டு உறுப்பினர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆலை நின்றது.

இடுக்கி எஸ்டேட்டில் பஞ்சாயத்து ஓட்டுக்கு அந்த வலு எளிதில் வரவில்லை. நிலம் கம்பெனி நிலம், ரோடு கம்பெனி ரோடு, லயம் கம்பெனி லயம்; பஞ்சாயத்துப் பணத்தை அதில் எப்படிப் போடுவது என்ற கேள்வி ஓட்டுக் கேட்டு வந்தவர் ஜெயித்த மறுநாளே எழும். இதில் இலங்கை மலையகமும் கேரள மலையும் ஒன்று. அங்கே 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட விடவில்லை. ஓட்டு இருந்தும் தெருவிளக்கு இல்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். மூணாறில் 2015 செப்டம்பரில் 20 சதவீதப் போனஸ் கேட்டுப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தபோது, யூனியன் தலைவர்களையும் அருகே அண்டவிடவில்லை. அவர்கள் அமைப்பின் பெயர் ‘பெம்பிளை ஒருமை’, அதாவது ‘பெண்கள் ஒற்றுமை’. இரண்டு மாதம் கழித்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களே வேட்பாளர்களாக நின்று சில இடங்களைப் பிடித்தார்கள். அவர்களில் கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குப் போனார். அந்த வேகம் நிலைக்கவில்லை. உள் சண்டை, கட்சிகளின் இழுப்பு, எல்லாம் வந்தது. ஆனாலும் யூனியன்காரர் முகம் பார்த்து ‘நம்ம ஆள்’ என்று சொன்ன காலம் அந்த மாதத்தோடு முடிந்தது என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஓட்டுப் போடுகிறவரிடம் கேட்காத கேள்வியை, ஓட்டு வாங்கி ஜெயித்தவரிடம் கேட்டார்கள். தேவிகுளம் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. 2021இல் அங்கே மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா ஜெயித்து, சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். உறுதிமொழியின் தமிழ் வடிவத்தில் ஒரு பகுதி விடுபட்டுப்போனதால் மறுபடியும் பதவியேற்க வேண்டியிருந்தது. அது சின்னச் சங்கடம். பெரியது பிறகு வந்தது. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குப் போட்டார்: ராஜா கிறிஸ்தவர், அதோடு, அவர் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் கேரளத்தில் பட்டியல் சாதி உரிமை கோர முடியாது. இந்தியாவில் குடியுரிமை மலையேறும். சாதிச் சான்றிதழ் ஏறாது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூட வராது. குடும்பம் எப்போது வந்தது என்பதற்குக் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10 என்ற தேதிதான் கோடு. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, ராஜாவின் வெற்றியை உறுதிசெய்தது. தாத்தா பாட்டி எந்த ஆண்டில் மலையேறினார்கள் என்பது பேரனின் பதவிக்கு முக்கியமாகிவிட்டது. இலங்கை கேட்ட கேள்வியின் சாயல் இதில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்பேன். ஒரு வித்தியாசம், இங்கே மேல் கோர்ட் கைகொடுத்தது.

இனி அந்த வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கம்பெனி வீடு தர வேண்டும் என்று விதித்தது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவருக்கு எஸ்டேட் வேலை கிடைத்தால் அவர் பெயரில் லயம் தொடரும், இல்லாவிட்டால் இறங்க வேண்டியதுதான். ஆகவே முப்பது வருடம் மேலே கொழுந்து பறிக்கிறவர், கீழே சொந்த ஊரில் இரண்டு சென்ட் வாங்கி ஒரு வீட்டை எழுப்பிக்கொண்டே இருப்பார். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து நயமக்காடு எஸ்டேட் லயங்களில் 70 பேர் போனபோது, துக்கம் விழுந்தது தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில். இறந்தவர்களில் பலருக்கு அதுதான் ஊர். கீழே வீடு வந்தால் வீட்டுவரி ரசீது வரும், ரேஷன் கார்டு வரும், பிள்ளையின் கல்லூரிக்கு இருப்பிடச் சான்று வரும். இந்த வரிசையில் வாக்காளர் அட்டையும் வந்து சேர்ந்துவிடும். மேலே இருக்கும் பெயரை நீக்கச் சொல்லி ஏழாம் எண் படிவம் கொடுக்க யாருக்குத் தோன்றும்? கட்சிக்காரர்களுக்கும் தோன்றாது, அவர்களுக்கு அது கையிருப்பு.

20ஆம் பிரிவை அப்படியே படித்தால், கீழே வீடு இருந்தாலும் ஓட்டு மேலேதான். ஆனால் நாளைக்கு லயத்தை விட்டு இறங்கப் போகிறவர் கீழ் ஓட்டைப் பிடித்து வைக்கப் பார்ப்பார். 2000இல் மூடிய பீர்மேடு தேயிலைக் கம்பெனியின் தோட்டங்களைப் போன்ற இடங்களில் நிலைமை இன்னும் சிக்கல். வேலை போனது, கூலி போனது, ஆள் மட்டும் லயத்திலேயே. அங்கே அவருக்கு ‘வழக்கமான குடியிருப்பு’ என்று காட்ட மிச்சமிருப்பது ஒழுகும் அந்த அறைதான்.

இதையெல்லாம் ஒரே அடியில் முடிவு செய்யச் சொல்லி 2025 நவம்பர் 4 வந்தது. தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர்., தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அன்றுதான் ஒன்றாகத் தொடங்கியது. இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தவருக்கு இரண்டு வீட்டுக்கும் படிவம். பெயரும் பழைய போட்டோவும் அச்சிட்ட தாள். புதுப் போட்டோ ஒட்ட ஒரு கட்டம். அந்தத் தாளின் அடியில் 2002 வாக்கில் நடந்த பழைய திருத்தத்தின் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று எழுதக் கட்டங்கள். ஒன்றில்தான் கையெழுத்துப் போடலாம். இரண்டிலும் போட்டால் குற்றம். தேனியிலிருந்து மணமாகி மூணாறு வந்த பெண் தன் தகப்பன் பெயரைத் தமிழ்நாட்டுப் பழைய பட்டியலில் தேட வேண்டும். அவள் கணவன் பெயரைத் தேடுவது கேரளப் பட்டியலில். பேரப்பிள்ளைகளின் செல்போன் இல்லாமல் எந்தப் பெரியவருக்கும் இது நடக்கிற காரியம் இல்லை.

எதில் கையெழுத்துப் போடுவது என்று வீடுகளில் நடந்த கணக்கு அரசியல் கணக்கு அல்ல. தமிழ்நாட்டுப் பக்கம் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், பொங்கல் பரிசு. கேரளத்தில் நல ஓய்வூதியம், அது அந்த நவம்பரில்தான் 1,600இலிருந்து 2,000 ஆனது. லைஃப் திட்டத்தில் என்றாவது வீடு வரலாம் என்ற நம்பிக்கை. இவற்றில் எதற்கும் வாக்காளர் பட்டியலோடு சட்டத் தொடர்பு கிடையாது. ஆனால் பட்டியலில் பெயர் போனால் மற்றதும் போகும் என்ற பயத்தை எந்த அதிகாரியும் போக்க முடியாது. அந்தப் பயம் மூடத்தனம் அல்ல. கண்டியிலிருந்து திரும்பி வந்த உறவுக்காரர் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரங்களில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலும் வந்தது. இடுக்கிக்கு டிசம்பர் 9, பாலக்காட்டுக்கு 11. உள்ளாட்சிக்கு வேறு பட்டியல். அதை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிக்கிறது. தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலையே உள்ளாட்சிக்கும் எடுத்துக்கொள்வதால் எங்களுக்கு இது புதிது. லயத்துக்காரருக்குச் சட்டப்படியே இரண்டு பட்டியல்: ஒன்றில் நான் இங்கே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டபடி, மற்றொன்றை வைத்துப் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டார்.

உலகத்தில் வேறு ஏற்பாடுகளும் உண்டு. நியூசிலாந்தில் நிரந்தரக் குடியிருப்பாளர் குடிமகனாகாமலே நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம். லண்டனில் வாழும் தமிழ்நாட்டுக்காரர் இந்தியக் கடவுச்சீட்டோடே எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் உறவு அதற்கு வழி விட்டிருக்கிறது. அமெரிக்காவில் டக்கோமா பார்க் என்ற சின்ன ஊர் 1992 முதல் குடிமகன் அல்லாதவருக்கும் நகராட்சி ஓட்டுத் தருகிறது. அதையே நியூயார்க் நகரம் செய்யப் பார்த்தபோது 2025 மார்ச்சில் அந்த மாநிலத்தின் உயர்ந்தபட்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. நம் நாட்டிலேயே ஜம்முவில் குடியேறிய மேற்குப் பாகிஸ்தான் அகதிகள் இந்தியக் குடிமக்களாகவே மக்களவைக்கு ஓட்டுப் போட்டார்கள். சட்டசபைக்கும் உள்ளாட்சிக்கும் போட முடியாமல் எழுபது ஆண்டு இருந்தார்கள். 2020 மாவட்ட வளர்ச்சிக் கவுன்சில் தேர்தலில்தான் அந்தத் தடை நீங்கியது. மூணாறுக்காரருக்கு 1948 முதல் இருந்த உரிமை அது.

இப்போது மூணாறு, வண்டிப்பெரியாறு லயங்களில் தமிழ் மட்டும் கேட்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் படித்து கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் இறங்கிவிட, காலியான அறைகளில் ஜார்க்கண்ட், அசாம், வங்காளத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர்களும் உண்டு, பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்த்தவர்களும் உண்டு. அவர்கள் இந்தியக் குடிமக்கள், வயது நிறைந்தவர்கள், வழக்கமாகக் குடியிருப்பவர்கள். 1950 சட்டம் கேட்கும் மூன்றும் இருக்கிறது. அவர்களுக்கு ஆறாம் எண் படிவம் கொடுத்துப் பெயர் சேர்க்கச் சொன்னால், வேண்டாம், அவர்கள் வந்து போகிறவர்கள் என்று முதலில் சொல்லப் போவது பழைய லயத்துக்காரரா, யூனியனா, கட்சியா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த வார்டு மறுவரையறையில் தெரிந்துவிடும்.